யோனா கதையை நான் முடிக்காமல் விட்ட காரணம்

டெல்லி லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு ஒரே வேலை: அடுத்தவர் செய்த தப்பைப் படிப்பது. விஜிலென்ஸ் பிரிவு. யார் லீவு எழுதாமல் காணாமல் போனார், யார் மேலதிகாரியை அடிக்கக் கை ஓங்கினார், யார் போலி மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தார் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வாரம் முழுக்க இதையே படிக்கிறவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதாகமத்தைப் பய பக்தியோடு படிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தீர்க்கதரிசிகள் எல்லோரும் எனக்கு ஃபைலாகத்தான் தெரிவார்கள்.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனை அடித்துக் கொன்று மணலில் புதைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவர். எங்கள் ஆபீசில் அப்படிப்பட்டவருக்குப் பியூன் வேலைக்குக்கூட கிளியரன்ஸ் கிடைக்காது. ஆண்டவர் அவரைத்தான் தலைவராகப் போட்டார். அவரும் லேசில் வரவில்லை. எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று முகத்துக்கு நேராகவே மறுத்துப் பார்த்தார். எலியா பெரிய வெற்றி பெற்ற கையோடு ஒரு ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். வகுப்பில் இதை நான் விருப்ப ஓய்வு விண்ணப்பம் என்பேன். அதற்கு வந்த பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து ஆளைத் தூங்க விட்டார்கள். பிலேயாம் கதையில், வழியை மறித்து நின்ற தேவதூதன் அவர் ஏறிப்போன கழுதையின் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தான்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் ஏன் மறைக்கவில்லை என்பது என் நெடுநாள் கேள்வி. ஆபீசில் பெரிய மனிதர் ஓய்வு பெறும்போது சங்கடமான பக்கங்கள் சில சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பக்க எண்களைக்கூட யாரோ அழகாகத் திருத்தியிருப்பார்கள். இந்த ஃபைல் முதலில் யூதர்கள் கையிலும் பிறகு கிறிஸ்தவர்கள் கையிலும் எத்தனையோ தலைமுறை இருந்திருக்கிறது. படி எடுத்தவர்களில் ஒருவராவது அந்த மணலில் புதைத்த பிணத்தைச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கலாம். யாரும் தாண்டவில்லை. தப்புச் செய்தவர்களை வைத்துத்தான் காரியம் நடந்தது என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். என் முன்கோபத்துக்கு இது பெரிய ஆறுதல். மோசே கோபத்தில் கன்மலையை இரண்டு தடவை அடித்தார். நான் போட்டோகாப்பி மிஷினை அதற்கு மேலேயே அடித்திருக்கிறேன்.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரே கட்டடத்தில் காலையில் ஆங்கில ஆராதனை, நாலு மணிக்கு ஹிந்தி ஆராதனை, நடுவில் ஊரே தூங்கும் இரண்டு மணிக்கு நாங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து கிளார்க் குடும்பங்கள் உண்டு. பக்கத்து காலனிகளில் வீட்டு வேலை செய்யும் விழுப்புரத்துப் பெண்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். ஐயர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் ஆராதனையும் பிரசங்கமும் சபையின் சம்பள ஊழியரான உபதேசியார்தான். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் மனைவியோடும் மனைவியின் தையல் மிஷினோடும் இருந்தார். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை.

ஆராதனை முடிந்து பெரியவர்கள் தாழ்வாரத்தில் டீ குடிக்கும் அரை மணி நேரம் ஓய்வுநாள் பள்ளி. அது என் பொறுப்பு. பிள்ளைகள் எல்லாம் டெல்லியில் பிறந்தவர்கள். தமிழ் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எழுத்தைக் காட்டினால் ஜிலேபி என்பார்கள். ஆனால் யோனா கதையை அவர்கள் புரிந்துகொண்ட மாதிரி எந்தப் பண்டிதரும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்.

"யோனாவுக்கு நினிவேக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு" என்று ஒரு வருடம் ஆரம்பித்தேன்.

"எங்க பப்பாக்கு கௌஹாத்தி வந்த மாதிரியா, ஆன்ட்டி?"

"அதே மாதிரிதான். உங்க பப்பா என்ன செஞ்சாங்க?"

"முதுகு வலின்னு சர்டிபிகேட் குடுத்தாங்க."

"யோனாவுக்கு அந்த யோசனை வரலை. கிழக்கே போகச் சொன்னா மேற்கே போற கப்பல்ல ஏறிட்டாரு."

உத்தரவை மீறினார், அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போனார், புயலில் மற்றவர்கள் உயிருக்குப் போராடும்போது கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினார் என்று பிள்ளைகளே குற்றங்களை அடுக்கினார்கள். பிறகு மீன் வரும். மீன் விழுங்குவதையும் கக்குவதையும் நடித்துக் காட்டுவேன். யோனா நினிவேக்குப் போய், இன்னும் நாற்பது நாளில் ஊர் அழியும் என்று சொல்ல, ஊரே மனம் மாறி, ராஜா சாம்பலில் உட்கார்ந்ததும் வெளியே டோலக் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்கும். ஹிந்திக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாயைச் சுருட்டி அறையைக் கொடுத்துவிடுவோம். வருடா வருடம் யோனா மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிடுவார். புத்தகத்தில் இன்னும் ஒரு அதிகாரம் உண்டு. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். மீன் இல்லாத அதிகாரத்தை யார் கேட்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கூத்து உபதேசியாருக்குப் பிடிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம் பிரசங்கத்தின் நடுவில், "பரிசுத்தவான்களப் பாத்து சிரிக்கறதுக்கு நம்ம புள்ளைங்களுக்கு சிலர் கத்துக்குடுக்கறாங்க" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. இனிமேல் பாடத்தைத் தன்னிடம் காட்டிவிட்டுத்தான் நடத்தவேண்டும் என்று கமிட்டிக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். அன்று நான் டீ குடிக்கவில்லை. கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்தவர் குற்றத்தைப் படித்தே பழகிய எனக்கு, என் குற்றத்தை மைக்கில் கேட்டது தாங்கமுடியாத அவமானமாக இருந்தது. அந்த ஆள் என்றைக்காவது என் கையில் மாட்டாமலா போவார் என்று பஸ்ஸில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றே வாரத்தில் மாட்டினார். மாட்டிவிட்டது என் வகுப்பில் இருந்த பதினோரு வயதுப் பெண். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். மகளுக்குத் தமிழ் மேல் தனி ஆசை. ஜிலேபியில் பாதியை அதற்குள் எழுத்தாக அடையாளம் கண்டுபிடித்திருந்தாள். போனில் தமிழ்ப் பிரசங்கம் ஏதாவது கேளு, உச்சரிப்பு வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"ஆன்ட்டி, உபதேசியார் அங்கிளோட கிணறு போன்லயும் இருக்கு" என்றாள்.

கிணறு என்றால் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபதேசியார், தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்தது என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தார். ஒன்பது வயதில் ஊர்க் கிணற்றில் விழுந்துவிட்டார். ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அரை நாள் தொங்கினார். யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு பசுமாடு கிணற்றடியில் வந்து நின்று விடாமல் கத்த, மாட்டைத் தேடி வந்தவர்கள் பச்சைக் கயிறு போட்டுத் தூக்கினார்கள். கோயிலில் ஒரு கண் காய்ந்திருக்கவில்லை. நான் இரண்டு கைக்குட்டை நனைத்தேன்.

போனில், தெற்கே எங்கோ ஒரு வயதான பிரசங்கியார் அதே கிணற்றில் விழுந்துகொண்டிருந்தார். அதே கல். அதே பசு. கயிறும் பச்சை.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து, முறைப்படி ஒரு சார்ஜ் மெமோ எழுதினேன். ஆபீசில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். தமிழில் அதுதான் முதல். குற்றச்சாட்டு ஒன்று: அடுத்தவர் அனுபவத்தைத் தன் அனுபவமாகக் கூறியது. குற்றச்சாட்டு இரண்டு: அதன் மூலம் சபையாரை அழவைத்தது. குற்றச்சாட்டு மூன்று: மேற்படி கிணறு மேற்படி பிரசங்கியாருக்குச் சொந்தமானது என்று தெரிந்தே அனுமதியின்றி எடுத்தது. இணைப்பில் ஆவணங்களின் பட்டியலும் சாட்சிகளின் பட்டியலும் சேர்த்தேன். கமிட்டியில் பன்னிரண்டு பேர். கரோல் பாக்கில் பன்னிரண்டு செட் போட்டோகாப்பி எடுத்தேன். கடைக்காரர், "கோர்ட் கேஸ் ஹை க்யா, மேடம்?" என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன்.

சபைச் செயலாளர், ஓய்வு பெற்ற அண்டர் செகரட்டரி, என் ஆபீஸ் பாஷையிலேயே பேசுகிறவர். போனில் கூப்பிட்டு, நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஒரு விஷயம் எடுக்கணும் என்றேன்.

"ரொம்ப சீரியஸா?"

"உபதேசியார் வேலை போற அளவுக்கு."

அவர், "வேலை போனா ரூமும் போயிரும், தெரியும்லா?" என்றார்.

தெரியும் என்றேன். தெரிந்துதான் எழுதினேன். தையல் மிஷின் நினைவுக்கு வரத்தான் செய்தது. அதை யோசிக்க வேண்டியது அவர், நான் இல்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மே மாத வெயிலில் கையில் ஃபைலோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வழக்கமாகக் கடைசி வரிசைக்காரி நான். பிரசங்க நேரம் வந்தது. உபதேசியார் வேதாகமத்தைத் திறக்கவில்லை.

"நான் சொன்ன கிணறு என்னோடது இல்ல" என்றார். "எங்க ஊர்ல கிணறே இல்ல. போர் பைப்புதான்."

யாரோ பின்னால் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"போன வாரம் ஒரு பாப்பா வந்து, அங்கிள், அந்தக் கிணத்துல எத்தன பேரு விழுந்தீங்கன்னு கேட்டுது. அது நல்ல மனசோடதான் கேட்டுது. எனக்குதான் ஒரு வாரமா தூக்கம் இல்ல." கைகளைப் பீடத்தில் ஊன்றிக்கொண்டார். "எல்லா ஊழியக்காரரும் பெரிய பெரிய சாட்சி சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே நடக்கலங்க. காய்ச்சல் வரும், போவும். அவ்ளோதான். வெறும் ஆளா உங்க முன்னாடி நிக்க கூச்சமா இருந்துது. பொய் சொல்லிட்டேன். நீங்க போன்னு சொன்னா போய்டறேன்."

அப்போது அந்தப் பெண்ணின் அம்மா எழுந்தார். ஆறு வருடமாக அவர் கோயிலில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"உடுங்க ஐயா. ஒண்ணும் நடக்காதவங்கதான் நாங்களும். பாட்டு எடுங்க, ஹிந்திக்காரங்க வந்துருவாங்க."

அவ்வளவுதான். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள், உபதேசியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பாட்டு முடிவதற்குள் மன்னிப்பு முடிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் செயலாளர் என் பக்கம் வந்து, "நீங்க ஏதோ எடுக்கணும்னீங்களே?" என்றார்.

"விசாரணைன்னு ஒண்ணு வேண்டாமா?" என்றேன். "அவர் பாட்டுக்கு அழுதா, நம்ம பாட்டுக்கு டீ குடிக்கப் போயிறதா?"

"அவரே ஒத்துக்கிட்டாரே. இன்னும் என்ன விசாரிக்க?" என்று சொல்லிவிட்டு அவர் சமோசா வரிசைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் எழுதி மாளாது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நல்ல மெமோ நான் எழுதியதில்லை. எதிரில் நின்ற ஆள் தானாகவே விழுந்து, தானாகவே எழுந்தும்விட்டார். வெளியே வந்து ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில், நாவல் மரத்தடி சிமெண்டுக் கட்டையில், கோயிலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். யாராவது ஒருவருக்காவது புத்தி வந்து கூட்டம் கூட்டுவார்கள் என்று கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. நிழல் வேறு நகர்ந்துகொண்டே இருந்தது. லூ என்கிற வடநாட்டுக் கோடை அனல்காற்று முகத்தில் அடித்தது. செத்தாலும் தேவலை என்று இருந்தது.

டீச்சரைக் காணோமென்று பிள்ளைகள் தேடிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வர மாட்டேன் என்றேன். அவர்கள் போய்ப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டர்களுக்கு நடுவில் விரித்தார்கள். கதையைத் தொடரச் சொன்னார்கள். இந்த வருடமும் யோனா போன வாரம் நினிவே வரைக்கும் வந்திருந்தார். ஊர் மன்னிப்புக் கேட்டது, ஆண்டவரும் மன்னித்துவிட்டார், கதை முடிந்தது என்றேன். டோலக் சத்தம் ஆரம்பித்தது. பழக்கத்தில் பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

"ஆன்ட்டி, இது நம்ம ரூம் இல்லையே. இங்க யாரும் வர மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "யோனாக்கு என்ன ஆச்சு? அதுக்கப்புறம்?"

தப்பிக்க வழியில்லை. நான்காம் அதிகாரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆண்டவர் ஊரை மன்னித்தது யோனாவுக்குப் பிடிக்கவில்லை. ரொம்பக் கோபம் வந்தது. நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முதலிலேயே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று சண்டை போட்டார். ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் அடித்தது. ஆண்டவர் ஒரு ஆமணக்குச் செடியை வளர்த்து நிழல் கொடுத்தார். மறுநாள் ஒரு பூச்சியை அனுப்பிச் செடியை வாடவைத்தார். சூடான காற்று வேறு. செத்தாலும் தேவலை என்றார் யோனா.

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பிறகு மரத்தைப் பார்த்தார்கள், கோயிலைப் பார்த்தார்கள். ஒரு வாலு, "ஆன்ட்டி, ஆப் கி தரஹ்?" என்றான். உங்களை மாதிரியா என்று கேட்கிறான். மற்றவர்கள் அவனைக் கிள்ளினார்கள்.

பேச்சை மாற்றுவதற்காக, சரி, எல்லாரும் அந்தச் செடியை வரைங்க என்றேன். பேப்பர் எங்கே என்றார்கள். என்னிடம் இருந்த ஒரே பேப்பர் ஃபைலில் இருந்தது. பன்னிரண்டு செட், பின்பக்கம் எல்லாம் வெள்ளை. இவர்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே என்று பிரித்துக் கொடுத்தேன். விஜிலென்ஸ் பிரிவில் இருந்துகொண்டு ஆவணத்தை அழித்தது அதுதான் முதல் தடவை.

அப்போது உபதேசியார் சமோசாத் தட்டோடு வந்தார். "அக்கா, நீங்க ஒண்ணுமே சாப்பிடல." தட்டைக் கட்டையில் வைத்துவிட்டு, பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் என்று பார்க்கப் பாயில் உட்கார்ந்தார். ஒரு தாளைக் கையில் எடுத்தார். ஆமணக்குச் செடியை மெச்சிவிட்டு, திருப்பினார்.

அவருக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். எழுந்து ஓடலாம் என்றால் கப்பல் ஒன்றும் கிடைக்காது.

"அக்கா" என்றார். "மூணாவது பாயிண்ட் தப்பு. அந்தக் கிணறு அவரோடதும் இல்ல. தெலுங்குல ஒருத்தர் அதுக்கு முன்னாடியே விழுந்துருக்கார். அதுலயும் மாடு உண்டு."

நான் வேண்டுமென்று சிரிக்கவில்லை. தானாக வந்துவிட்டது. கையில் இருந்த பென்சிலை நீட்டி, "அப்போ அத அடிச்சிருங்க" என்றேன். அவர் மூன்றாவது குற்றச்சாட்டைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"மத்த ரெண்டும்?"

"அது ரெண்டும் சரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி, செடியின் வேரடியில் பூச்சியை வரைந்தார்.

அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அவளுக்குக் கதை வேண்டும். "அப்புறம் என்ன, ஆன்ட்டி?"

ஒரு செடிக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாயே, இத்தனை பேர் இருக்கும் ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதா என்று ஆண்டவர் யோனாவைக் கேட்டார் என்றேன்.

"யோனா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. கேள்வியோட புத்தகம் முடிஞ்சிருது."

"பதில் இல்லையா?" அவளுக்கு ஏமாற்றம். எனக்கும் எப்போதும் அதுதான் உறுத்தல். எங்கள் பிரிவில் விளக்கம் வராத ஃபைலை மூட விட மாட்டோம். நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருப்போம். யோனா எழுதவேண்டிய பதில் ஏன் அங்கே இல்லை என்று அந்த மரத்தடியில் எனக்கு விளங்கியது. எழுதியவர்கள் அந்தப் பக்கத்தை என் மாதிரி ஆளுக்கென்று காலியாக விட்டிருக்கிறார்கள்.

கோயிலுக்குள் ஹிந்திப் பாட்டு முழு வேகத்தில் ஏறிவிட்டது. டோலக், கஞ்சிரா, கைதட்டல். உபதேசியார் பூச்சிக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தார். "உங்க ரூம் போயிரும்னு தெரிஞ்சேதான் இத எழுதினேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி, "என்னக்கா?" என்றார்.

அந்தச் சத்தத்தில் இரண்டாம் தடவை கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.